ஏழாவது பெயருக்கு எதிரே

காலை ஆறரைக்குத் தையலக்கா போனைக் கையில் எடுத்தால் ஏழரைக்குத்தான் கீழே வைப்பாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். ஊரில் தனியாக இருக்கிற பதினான்கு பேருக்கும் அவள் குரலைக் கேட்ட பிறகுதான் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

"நான்தான் பேசறேன். எழுந்தாச்சா? மாத்திரை போட்டாச்சா? சரி, வச்சிடறேன்."

ஆளுக்கு இரண்டு நிமிஷம். எடுக்காதவர்களுக்குக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லையென்றால் தையல் மிஷினை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இதற்கு ஊரில் 'விசாரிப்பு' என்று பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவர், இடுப்பு முறிந்து அங்கேயே கிடந்தார். முந்தின இரண்டு நாள் பால் பாக்கெட்டும் வாசலிலேயே இருப்பதைப் பால்காரர் மூன்றாம் நாள்தான் கவனித்தார். அதற்கப்புறம் ஊர் நலக்குழு பள்ளிக்கூடத்தில் கூடியது. ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "தினமும் காலையில ஒரு போன் போட யார் தயார்?" என்று தலைவர் கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இன்றைக்கும் ஊருக்குக் கண்டக்டர்தான். எல்லாரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். தையலக்கா கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டினவர் லாரியோடு போய் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர். பிள்ளை இல்லை. வீட்டில் அவளுக்குப் பதில் குரல் கொடுக்கிற ஒரே ஜீவன் தையல் மிஷின்தான். பதினான்கு பேர் தன் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு மெல்ல மெல்லச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. சேவை என்று ஊர் சொல்லும். அவளும் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு அவளுடைய கொழுந்தன் நகரத்து வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே வந்து, மூன்று வீடு தள்ளிக் குடியேறினான். அவன் மனைவியைத் தையலக்கா முதல் நாளிலிருந்தே 'சின்னவளே' என்றுதான் கூப்பிட்டாள். சின்னவள் ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவள். ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டுவதை "புரியுதுங்க" என்று கேட்டுக் கேட்டு அவள் குரல் வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது.

ஒரு வாரம் தையலக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரல் இல்லை. "நான் பார்த்துக்கறேன்க்கா, இது என் தொழில்தானே" என்று சின்னவள் வந்து நின்றாள். தையலக்கா பதின்மூன்று நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

பதினான்காவது நம்பர், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டருடையது. அதற்குக் குரலே தேவையில்லை.

கம்பவுண்டருக்குத் திக்குவாய். நேரில் பேசினால் ஒரு மாதிரி சமாளித்துவிடுவார். போன் என்றால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு தையலக்கா முதன்முதலாகக் கூப்பிட்டபோது, "ந... ந..." என்று அவர் திணற, "நல்லா இருக்கீங்களா, சரி சரி" என்று இவள் முடித்து வைத்தாள். மறுநாள் அவர் எடுக்கவில்லை. பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மூ... மூணு தடவை மணி அடிச்சதும் வச்சிடு. நா... நான் திருப்பி அடிச்சு வச்சிடறேன்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். காலை ஆறரைக்கு இவள் முதலில் அவருக்குத்தான் மூன்று மணி விடுவாள். நாலு நிமிஷத்தில் அவரிடமிருந்து மிஸ்டு கால் வரும். வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார், திருப்பி அடிக்கவும் மாட்டார். ஒரு வார்த்தை பேசாமலே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. பேசுகிற பதின்மூன்று பேரைவிடப் பேசாத அந்த ஒருவர்தான் தனக்கு நெருக்கம் என்று அவளுக்குத் தோன்றும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்டை சரியாகி மறுபடியும் டீச்சரம்மாவைக் கூப்பிட்ட அன்றுதான் அது ஆரம்பித்தது.

"நான்தான் பேசறேன். எழுந்தாச்சா?"

"ஓ, நீயா." டீச்சரம்மா முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர், மனசில் இருப்பதை ஒளிக்கத் தெரியாது. "அந்தப் பொண்ணு இன்னிக்குக் கூப்பிடலையா?"

"எனக்குத் தொண்டை சரியாயிடுச்சு டீச்சரம்மா."

"சந்தோஷம். இல்ல, நேத்து என் தங்கச்சி கல்யாணத்துல நடந்த சண்டையைப் பாதியில நிறுத்தினேன். மீதியை நாளைக்குக் கேக்கறேன்னு சொன்னா. அதான்."

"என்கிட்ட சொல்லுங்களேன்."

"உனக்கு எங்கடி நேரம். நீ அட்டெண்டன்ஸ் எடுக்கறவ. உள்ளேன் ஐயான்னு சொன்னா போதும் உனக்கு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை தையலக்காவின் நெஞ்சில் ஊசி முறிந்த மாதிரி உள்ளேயே தங்கிவிட்டது. ஒன்பது வருஷம், ஒரு நாள் தவறாமல், காய்ச்சலிலும் மழையிலும். அவள் ஏழு நாள் வெண்ணெய் தடவியதும் இவள் அட்டெண்டன்ஸ் ஆகிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாரிடமும் அதையே தேட ஆரம்பித்தாள். சைக்கிள் கடைக்காரர் "அந்தப் பொண்ணு நல்லாப் பாடுதும்மா" என்றார். பாடினாளா? போனிலா? கண் தெரியாத பூக்காரம்மா, "அவ பேசினா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். பதின்மூன்று பேரும் பதின்மூன்று விதமாக ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இவளும் ஒரு நாள் டீச்சரம்மாவிடம், "அப்புறம், சண்டை என்னாச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள். கேட்டது கேட்ட மாதிரி இல்லை, பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. டீச்சரம்மா, "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நலக்குழுவில் கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"தையலக்கா பண்ற வேலைக்கு ஊரே கடன்பட்டிருக்கு. அதுல மாற்றுக் கருத்தே இல்ல."

இப்படி ஆரம்பித்தால் அடுத்து 'ஆனால்' வரும் என்று தையலக்காவுக்குத் தெரியும்.

"ஆனா ஒரே ஆள் எத்தனை நாளைக்கு இழுக்கறது? பாதி ரூட்டைச் சின்னவளுக்குக் குடுத்துடலாம். வீட்டுக்குள்ளயே டபுள் டிரைவர் மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் இவளைப் பார்த்தாள். "அக்காவுக்குச் சரின்னா எனக்குச் சரி."

இல்லை என்று எப்படிச் சொல்வது? என் பதினான்கு பேரை யாருக்கும் தர மாட்டேன் என்று ஒரு பெண்பிள்ளை சபையில் எழுந்து சொன்னால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? "எனக்கென்ன, நல்லதுதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் முகம் எத்தனை தையல் போட வேண்டியிருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மேல்தெரு ஏழு பேர் இவளுக்கு, தண்ணீர்த் தொட்டித் தெரு ஏழு பேர் சின்னவளுக்கு. அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாள். பெயருக்கு எதிரே நம்பர், நம்பருக்கு எதிரே குறிப்பு. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பூக்காரம்மா: இடது காதில் வைக்கச் சொல்லவும். சைக்கிள் கடைக்காரர்: செவ்வாய், வெள்ளி விடிகாலையில் வெளியே போவார், ஏழு மணிக்கு மேல் கூப்பிடவும். இப்படி ஆறு பேருக்கும் எழுதிவிட்டு ஏழாவது பெயருக்கு வந்தாள். கம்பவுண்டர். நம்பரை எழுதினாள். பேனா நம்பருக்கு அப்பால் நகரவில்லை.

மறந்துவிட்டாள் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். அவளே அதைத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த வெற்றிடத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்பது பாதி. எடுக்காத போனை வைத்துக்கொண்டு இந்த வெண்ணெய்க் குரல் என்ன செய்கிறது பார்க்கலாம் என்பது மீதி. எந்தப் பாதி பெரிது என்று அவள் அளந்து பார்க்கவில்லை. தாளை நாலாக மடித்துக் கொழுந்தன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்கக்கா" என்று சின்னவள் வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு நெகிழ்ந்தாள்.

மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போலக் கம்பவுண்டருக்கு மூன்று மணி விட்டாள். நாலு நிமிஷத்தில் மிஸ்டு கால் வந்தது. இவர் உன் பட்டியலில் இல்லையே என்று மனசு கேட்டது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று பதில் சொன்னாள். தன்னுடைய ஏழு பேரையும் ஏழு மணிக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு காலை நீளமாகக் கிடந்தது. தலையணை உறை ஒன்றை எடுத்து மிஷினில் போட்டாள்.

ஏழு பத்து இருக்கும். தெருவில் ஓடுகிற சத்தம். சின்னவள்தான். தலை முடியவில்லை, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னால் கண்டக்டர் கடப்பாரையோடு, அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர்.

"அக்கா, கம்பவுண்டர் மாமா எடுக்கல. நாலு தடவை அடிச்சிட்டேன். உள்தாழ்ப்பாள் போட்டிருக்காம், டீக்கடைக்காரர் தட்டினா பதிலே இல்லையாம்."

தையலக்கா வாயைத் திறந்தாள். 'அவர் நல்லாத்தான் இருக்கார்.' மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். மிதிக்கட்டையில் கால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஓடிவிட்டாள்.

உறையின் மூன்றாவது பக்கத்தை அடித்தாள். நாலாவது பக்கத்தையும் அடித்தாள். கடப்பாரை மரத்தில் இறங்குகிற சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்டபோதுதான் கால் நின்றது. எழுந்து ஓடினாள்.

கதவு நிலையோடு பிளந்து உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கூடத்தின் நடுவில் கம்பவுண்டர் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் ஈரத்துண்டு, தலை நிறைய சோப்பு நுரை, கையில் இருந்த சொம்பால் நெஞ்சை மறைத்துக்கொண்டு. ஆறேழு பேர் அவரை அந்தக் கோலத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த கதவைத் தாண்டி முதலில் உள்ளே பாய்ந்த சின்னவளின் முழங்கையைத் தாழ்ப்பாள் கிழித்திருந்தது. ரத்தம் சொட்டுவதுகூடத் தெரியாமல், "இருக்கீங்களா மாமா, இருக்கீங்களா" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

"நா... நா..." என்றார் கம்பவுண்டர்.

"நான் நல்லா இருக்கேங்கறார்" என்று யாரோ முடித்து வைத்தார்கள். கொல்லென்று ஒரு சிரிப்பு.

அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டித் தையலக்காவிடம் வந்து நின்றது. "கு... குடுத்தேனே" என்றார்.

"என்னத்தைக் குடுத்தீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

கம்பவுண்டர் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒரு டப்பாவைத் திறந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் சின்னவளின் கையைத் துடைத்துக் கட்டுப் போட்டார். அந்த விரல்கள் அவ்வளவு பதமாக நகர்ந்தன. அதைப் பார்த்தபோது, தையலக்காவின் உள்ளே வெட்கம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய எரிச்சலே எட்டிப் பார்த்தது. இவரையும் பிடித்துவிட்டாளே. அந்த நினைப்பு தன்னுடையதுதானா என்று அவளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் டீக்கடையில் கதை பழுத்துவிட்டது. "செத்தவர் எழுந்து சோப்பு போட்டாராமே." "இனிமே குளிக்கறதுக்கு முன்னாடி கதவைக் கழட்டி வெளியே வச்சிடணும்பா." சின்னவளுக்குக் 'கடப்பாரை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வந்தாள். கட்டுப் போட்ட கையில் அந்தத் தாள் இருந்தது.

"எனக்கு இது சரிப்படாதுக்கா. நீங்களே பார்த்துக்குங்க."

"ஊர்ல நாலு பேர் சிரிச்சா விட்டுடறதா?" என்று தையலக்கா கேட்டாள். கேட்கும்போதே தன் குரலில் இருந்த தாராளத்தில் அவளுக்கே காது கூசியது.

"சிரிச்சா சிரிக்கட்டும். அது இல்ல." சின்னவள் மிஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். "ஓடினேன் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷம். முதல் நாளே ஒரு உயிரை விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டே ஓடினேன். கம்பெனியில திட்டுவாங்க, வச்சிடுவாங்க, அவ்வளவுதான். யாரும் செத்துப்போக மாட்டாங்க. பாவம், அந்த மனுஷனை அப்படி நிக்க வச்சிட்டேன். அவர் குளிக்கப் போயிருப்பார்னு எனக்கு ஏன் தோணல, சொல்லுங்க. ஒரு வாரம் பேசினதுக்கே எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டேன். திமிர்தானே அது."

தையலக்காவின் கை நீண்டு தாளை வாங்கிக்கொண்டது. மனசு யோசித்து முடிப்பதற்குள் கை வாங்கிவிட்டது. அவள் எழுதிக்கொடுத்த ஆறு குறிப்புக்கும் சின்னவள் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். ஏழாவது பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்த இடத்தில், '6.50, 6.54, 6.57, 7.00 – எடுக்கவில்லை' என்று புகார்ப் பிரிவுக் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது.

பதினான்கு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவர்கூட அவளைச் சந்தேகப்படவில்லை. தெரிந்த ஒரே மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். அன்றிரவு தையலக்கா நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தபோது அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆறரைக்குக் கம்பவுண்டருக்கு மூன்று மணி விட்டாள். நாலு நிமிஷத்தில் மிஸ்டு கால் வந்தது. கோபமா, மன்னிப்பா, மிஸ்டு காலில் என்ன தெரியும்? ஒப்பந்தத்தை அவர் மீறவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது டீச்சரம்மா.

"நீ வந்துட்டியா, அப்பாடா" என்றார் எடுத்தவுடனே. "நேத்திக்கு நடந்ததைக் கேட்டியா? அவசரக் குடுக்கை. வாய் இருந்தா போதுமா, நிதானம் வேண்டாமா? நீயா இருந்தா இப்படி நடந்திருக்குமா? ஒன்பது வருஷத்துல ஒரு கதவு உடைஞ்சிருக்குமா? நான்தான் அவ பேச்சுல மயங்கிட்டேன். உன் அருமை இப்பத்தான் தெரியுது."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாளாக ஏங்கினாள். இதே குரலில், இதே வாயிலிருந்து. இப்போது தட்டு நிறையப் பரிமாறியிருக்கிறது. விழுங்க முடியவில்லை. கம்பவுண்டர் நெஞ்சில் சொம்பை வைத்து மறைத்துக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்தது.

"டீச்சரம்மா, அவ மேல தப்பு இல்ல."

"நீ விட்டுக்குடுக்காம பேசுவ. ஓரகத்தி ஆச்சே."

"விட்டுக்குடுக்கறதுக்காகச் சொல்லல. கம்பவுண்டர் போன் எடுக்க மாட்டார், மூணு மணி அடிச்சு வச்சா அவர் திருப்பி அடிப்பார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு நான் எழுதல. வேணும்னேதான் எழுதல. நேத்துக் காலையில அவரோட மிஸ்டு கால் என் போன்ல இருந்துச்சு. அவ என் வாசல் வழியா ஓடினா. நான் தச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."



"ஏண்டி?" என்றார் டீச்சரம்மா.

"நீங்க தங்கச்சி கல்யாணச் சண்டையை அவகிட்ட சொன்னீங்க."

சொல்லி முடித்ததும் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. டீச்சரம்மா போனை வைத்துவிட்டார்.

டீச்சரம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. தெரிந்துதான் சொன்னாள். ஒவ்வொருவரிடமாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் போதாது.

கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஆளான சைக்கிள் கடைக்காரருக்கு அடித்தாள். பிஸி. பூக்காரம்மா. பிஸி. மேல்தெருவில் ஒருவரும், தண்ணீர்த் தொட்டித் தெருவில் இன்னொருவரும், எல்லாம் பிஸி. சுற்றிவந்து மறுபடியும் முதலிலிருந்து அடித்தாள். ஒன்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. தனியாக இருக்கிறவர்கள், பேச ஆளில்லாதவர்கள் என்றுதானே பட்டியல்? இன்றைக்கு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பற்றித்தான். எல்லாரும் எழுந்தாகிவிட்டது, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். விசாரிக்க ஒன்றுமில்லை.

போனை மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஊர் வாயிலிருந்து போவதற்கு முன்னால் தன் வாயிலிருந்து சின்னவளுக்குப் போக வேண்டும். மூன்று வீடுதான். முகம்கூடக் கழுவாமல் நடந்தாள்.

கொழுந்தன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சின்னவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையை மடித்து வைத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தாள்.

"ம்... சொல்லுங்க டீச்சரம்மா."

தையலக்கா பிந்திவிட்டாள். சின்னவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் நேற்றைக்கு இருந்த எதுவும் இல்லை. வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. பார்த்தபடியே, "புரியுதுங்க" என்றாள் போனில். அந்தக் குரலில் இப்போது வெண்ணெய் இல்லை.

டீச்சரம்மா பேசிக்கொண்டே போனார். என்னிடம் அரை நிமிஷத்தில் வைத்தவர் இவளிடம் மட்டும் இத்தனை நேரம் பேசுகிறாரே என்று அப்போதும் ஓர் ஓரத்தில் சுருக்கென்றது. இது போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பேச்சு முடியட்டும் என்று வாசற்படியிலேயே நின்றாள்.